புதிய ஸ்மார்ட்போன் செய்தியை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ஒரு புதிய ஸ்மார்ட்போன் அறிமுகமாகும் நாளில் முப்பது, நாற்பது எண்கள் ஒரே நேரத்தில் வந்து விழும். 200 மெகாபிக்சல், 120 வாட், 3 நானோமீட்டர், 7 ஆண்டுகள், ஐபி68. இந்தத் துறையை இப்போதுதான் கவனிக்கத் தொடங்கியவர்களுக்கு அந்த முதல் அரை மணி நேரம் திணறலாக இருக்கும். பல ஆண்டுகளாக ஒவ்வோர் அறிமுகத்தையும் விடாமல் பார்த்துவரும் எனக்கு அது இன்றும் திருவிழா நாள்தான். பார்க்கும் முறை மட்டும் மாறியிருக்கிறது. சொல்லப்படும் எண்கள் பெரும்பாலும் உண்மையானவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அது அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் ஒதுங்கியிருக்கும், அல்லது மேடையில் சொல்லாமல் விட்டிருப்பார்கள். எண்ணைக் கண்டதும் அதன் நிபந்தனையைத் தேடும் பழக்கம் வந்துவிட்டால், யாருடைய பரிந்துரையும் இல்லாமல் ஒரு போனை நீங்களே எடைபோடலாம். அதற்கு நான் பின்பற்றும் வரிசை இது.

முதலில் ஒரு நாட்காட்டி

கைபேசித் துறைக்கு ஏறத்தாழ நிலையான பருவங்கள் உண்டு. ஜனவரியில் லாஸ் வேகாஸில் மின்னணுப் பொருள்களுக்கான சிஇஎஸ் கண்காட்சி. ஜனவரி, பிப்ரவரி வாக்கில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசை. பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ பார்சிலோனாவில் மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ். மே மாதத்தில் கூகுளின் ஐ/ஓ மாநாடு. அங்கே ஆண்ட்ராய்டு எந்தத் திசையில் போகிறது என்பது தெரியவரும். ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் சாம்சங்கின் மடக்கு போன்கள். செப்டம்பரில் ஐபோன். அதையொட்டி சிப் நிறுவனங்களான குவால்காமும் மீடியாடெக்கும் அடுத்த ஆண்டுக்கான சிப்களை அறிவிக்கும். அவற்றைத் தாங்கிய முதல் போன்களைச் சீன நிறுவனங்கள் ஆண்டு முடிவதற்குள் கொண்டுவந்துவிடும்.

இதை ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். ஆகஸ்டில் ஒருவர் பழைய ஐபோனை வாங்கப் போகிறேன் என்றால், இன்னும் சில வாரங்கள் பொறுக்கச் சொல்வதற்கு இந்தத் தாள் போதும்.

செய்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ஒரு போனைப் பற்றிய செய்தி ஒரே நாளில் பிறப்பதில்லை. முதலில் வதந்தி வரும். பிறகு, உறை தயாரிப்பவர்களுக்குக் கிடைத்த அளவுகளை வைத்து வரைந்த படங்கள் வரும். அடுத்தது அரசு ஒழுங்குமுறை அமைப்புகளின் சான்றிதழ்ப் பதிவுகள். அமெரிக்காவின் எஃப்சிசி போன்ற அமைப்பின் அனுமதி இல்லாமல் வானொலி அலைகளைப் பயன்படுத்தும் ஒரு கருவியை அங்கே விற்க முடியாது. அதனால் ஒரு மாடல் எண் அந்தப் பதிவேட்டில் வந்துவிட்டால் அந்தக் கருவி உண்மையில் உருவாகியிருக்கிறது என்று கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் அறிமுகம், விமர்சனங்கள், பயன்படுத்தியவர்களின் அனுபவம்.

வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘வரலாம்’, ‘எதிர்பார்க்கப்படுகிறது’, ‘கூறப்படுகிறது’ என்று முடியும் செய்தியை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ‘வெளியிட்டது’, ‘விற்பனைக்கு வந்தது’ என்று முடிந்தால் தொடர்ந்து படியுங்கள். அறிமுக நாளன்றே வெளிவரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை சில நாள் பயன்பாட்டை வைத்து எழுதியவை. கேமராவையும் திரையையும் பற்றி அவை நன்றாகச் சொல்லும். பேட்டரி எப்படித் தேயும், மூன்றாவது அப்டேட்டுக்குப் பிறகு போன் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அவற்றால் சொல்ல முடியாது.

கேமராவைப் பார்ப்பதற்கு முன் ஆயுளைப் பாருங்கள்

என் வரிசையில் முதல் இடம் அப்டேட்டுக்கு. புதியவர்கள் பெரும்பாலும் கடைசியில் பார்ப்பது இதைத்தான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

போன் உடையாமல், பேட்டரி சாகாமல் இருந்தாலும், பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன நாளில் அதன் பாதி ஆயுள் முடிந்துவிடுகிறது. வங்கிச் செயலியும் அடையாள ஆவணங்களும் அதில்தான் இருக்கின்றன. ஆண்ட்ராய்டுக்கு மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கைகள் 2015-இல் தொடங்கின. ஸ்டேஜ்ஃபிரைட் என்ற குறைபாடு அந்த ஆண்டு வெளிப்பட்டபோது, ஒரு மல்டிமீடியா குறுஞ்செய்தியை அனுப்பியே ஒரு போனைத் தாக்க முடியும் என்று உலகம் அறிந்தது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் இரண்டு, மூன்று ஆண்டு அப்டேட்தான் வழக்கமாக இருந்தது. 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8 வரிசைக்கு 7 ஆண்டுகள் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு அதே 7 ஆண்டுகளைச் சொன்னது. இந்தப் பத்தாண்டில் கைபேசியில் நடந்த மிக நல்ல மாற்றம் எது என்று கேட்டால் எந்தக் கேமராவையும் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

இப்போது நிபந்தனைகள். அந்த ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள்? பெரும்பாலும் அந்த மாடல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளுக்கு அதில் இடமே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒருமுறை ஏமாந்தேன். ‘நான்கு ஆண்டு பாதுகாப்பு’ என்று படித்துவிட்டு, வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆன ஒரு மாடலைத் தள்ளுபடியில் வாங்கினேன். ஒன்றரை ஆண்டில் அப்டேட் நின்றது. நல்ல நிலையில் இருந்த கருவி அது. திரையில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து எந்தப் போனைப் பார்த்தாலும் நான் செய்யும் முதல் கணக்கு: அறிமுகமான மாதத்தோடு வாக்களித்த ஆண்டுகளைக் கூட்டி, வரும் தேதியை எழுதுவது. ‘7 ஆண்டுகள்’ என்று படிக்கும்போது வராத தெளிவு, ‘2031 ஜனவரி வரை’ என்று எழுதும்போது வந்துவிடும்.

இரண்டாவது நிபந்தனை: எந்த அப்டேட்? ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகள் வேறு, பாதுகாப்புத் திருத்தங்கள் வேறு. ‘மூன்று பதிப்புகள், நான்கு ஆண்டு பாதுகாப்பு’ என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. மூன்றாவது: எவ்வளவு அடிக்கடி? மாதந்தோறுமா, மூன்று மாதங்களுக்கு ஒருமுறையா? விலை குறைந்த மாடல்களுக்கு இடைவெளி நீளும்.

இதில் ஐரோப்பிய ஒன்றியம் செய்திருப்பது முக்கியமானது. 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள அதன் விதிகள், மென்பொருள் அப்டேட்டுக்கான குறைந்தபட்சம் 5 ஆண்டுகளை அந்த மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து எண்ணுகின்றன. நிறுவனங்கள் கணக்கைத் தொடங்கும் இடத்துக்கும் சட்டம் தொடங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதே விதிகளின்படி அங்கே விற்கும் ஒவ்வொரு போனுக்கும் ஓர் ஆற்றல் முத்திரை உண்டு: ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம், பேட்டரி எத்தனை சார்ஜ் சுழற்சிகள் தாங்கும், கீழே விழுந்தால் தாங்கும் தரம், பழுதுபார்க்க எளிதா என்பதெல்லாம் அதில் எழுத்துகளாகவும் எண்களாகவும் இருக்கும். ஒன்றியத்தின் பொதுத் தரவுத்தளமான எப்ரெல்லில் இதை உலகின் எந்த மூலையிலிருந்தும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் ஊரில் விற்கும் மாடல் சற்று மாறுபடலாம். ஆனாலும் வேறுவேறு நிறுவனங்களை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சிப்: பெயரைவிட வெப்பம்

பிராசஸர் என்று நாம் சொல்லும் சிப்புக்குள் கணக்கிடும் பகுதி, படங்களை வரையும் பகுதி, நெட்வொர்க் மோடம், கேமராப் படத்தைச் செப்பனிடும் பகுதி எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. குவால்காமின் ஸ்னாப்டிராகன், மீடியாடெக்கின் டைமென்சிட்டி, சாம்சங்கின் எக்ஸினோஸ், கூகுளின் டென்சர், ஆப்பிளின் ஏ வரிசை ஆகியவைதான் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். அத்தனையும் ஆர்ம் நிறுவனம் வகுத்த கட்டமைப்பின் மேல் எழுந்தவை.

பெயர்களை நம்பி ஒப்பிடாதீர்கள். குவால்காம் 2024-இல் ஸ்னாப்டிராகன் 8 எலைட் என்று வைத்தது. அடுத்த ஆண்டு வந்தது 8 எலைட் ஜென் 5. இடையில் இரண்டும் மூன்றும் நான்கும் எங்கே என்று தேடினால் கிடைக்காது. ‘3 நானோமீட்டர்’ என்பதும் ஒரு தயாரிப்புத் தலைமுறையின் பெயர். சிப்புக்குள் எந்த உறுப்பையும் அளந்து வைத்த எண் அது இல்லை. இரண்டு ஆலைகளின் ‘4 நானோமீட்டர்’ ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இதற்கு நல்ல சாட்சி ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1. சாம்சங் ஆலையில் 4 நானோமீட்டர் முறையில் தயாரான அந்தச் சிப்பைத் தாங்கிய போன்கள் 2022-இன் தொடக்கத்தில் சூட்டுக்குப் பெயர் வாங்கின. அதே ஆண்டு மே மாதம் குவால்காம் ஏறத்தாழ அதே வடிவமைப்பைத் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாற்றி 8 பிளஸ் ஜென் 1 என்று வெளியிட்டது. வேகமும் கூடியது, மின்செலவும் கணிசமாகக் குறைந்தது.

அதனால் வேகச் சோதனை மதிப்பெண்களைப் பார்க்கும்போது உச்ச எண்ணைக் கடந்து, அந்தச் சோதனையை இருபது முறை தொடர்ந்து ஓட்டினால் கடைசி முறை என்ன வந்தது என்று தேடுங்கள். நல்ல விமர்சகர்கள் அதைச் சதவீதமாகத் தருவார்கள். கையில் பிடித்திருக்கும் மெல்லிய கருவிக்குப் பெரும்பாலும் மின்விசிறி கிடையாது. உள்ளே பிறக்கும் வெப்பம் போனின் உடல் வழியாக, உங்கள் உள்ளங்கையைத் தொட்டுத்தான் வெளியேற வேண்டும். மதிப்பெண்களிலும் எச்சரிக்கை தேவை. சாம்சங் போன்களில் இருந்த ஒரு விளையாட்டு மேம்பாட்டுச் சேவை, சோதனைச் செயலிகளை விட்டுவிட்டு மற்றச் செயலிகளின் வேகத்தை மட்டும் குறைத்தது தெரியவந்தபோது, 2022 மார்ச்சில் வேகச் சோதனைச் செயலியான கீக்பெஞ்ச் அந்த மாடல்களைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது.

மெமரியில் ஒரே ஒரு எச்சரிக்கை. ‘8 பிளஸ் 8 ஜிபி ரேம்’ என்று எழுதியிருந்தால் ரேம் 8 ஜிபிதான். மீதி 8 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. அது பல மடங்கு மெதுவானது. ஸ்டோரேஜில் வேகமான யுஎஃப்எஸ் வகை என்று இருக்கிறதா, பழைய, மெதுவான இஎம்எம்சி என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எந்த வகை என்று சொல்லாமல் கொள்ளளவை மட்டும் சொல்லும் விவரத்தாளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

திரை

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம், ஏனென்றால் இன்று நடுத்தர விலைப் போன்களின் திரைகள்கூட மிக நன்றாக இருக்கின்றன. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறை மாற்றுகிறது, 120 ஹெர்ட்ஸ் திரை 8.3 மில்லி நொடிக்கு ஒருமுறை. அந்த வேறுபாட்டை விரலால் தள்ளிப் பார்த்தால் உடனே உணரலாம். பல ஆயிரம் நிட்ஸ் வெளிச்சம் என்ற எண் மட்டும் கவனத்துக்குரியது. அந்த உச்ச வெளிச்சம் திரையின் ஒரு சிறு மூலையில், சில வகை வீடியோக்களில், சில நொடிகளுக்கு மட்டும் கிடைப்பது. வெயிலில் முழுத் திரையும் எவ்வளவு ஒளிரும் என்பதுதான் உங்களுக்குத் தேவை. அதை ‘உயர் வெளிச்ச நிலை’ என்று தனியாகச் சொல்லியிருப்பார்கள். குறைந்த வெளிச்சத்தில் திரையைப் பார்த்தால் தலைவலி வருபவர்கள், ஓலெட் வகைத் திரையின் துடிப்பு வீதத்தைப் (நொடிக்கு எத்தனை முறை அது அணைந்து எரிகிறது என்பதை) பற்றி விமர்சனங்களில் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேமரா: மெகாபிக்சலைத் தாண்டி

நான் மிகவும் நேசிக்கும் பகுதி இது, ஆகவே சற்று நின்று பேசுகிறேன்.

200 மெகாபிக்சல் கேமரா என்றால் 20 கோடிப் புள்ளிகள். கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் 0.6 மைக்ரோமீட்டர் அகலம். ஒரு தலைமுடியின் குறுக்கே நூறு புள்ளிகள்வரை வைக்கலாம். அவ்வளவு சிறிய குழியில் விழும் ஒளி மிகக் குறைவு. அதனால் போன் பதினாறு புள்ளிகளைச் சேர்த்து ஒரே புள்ளியாக்கிக்கொள்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தினால் வழக்கமாகக் கிடைப்பது 12 மெகாபிக்சல் படம்தான். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. மங்கிய ஒளியில் சேர்த்துக்கொள்ளவும், நல்ல வெயிலில் பிரித்துக்கொள்ளவும் வசதி தரும் அழகான பொறியியல் இது. எண்ணை மட்டும் கேட்டுவிட்டு, பல மடங்கு தெளிவு கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் வரும்.

ஒளியைப் பிடிப்பது சென்சாரின் பரப்பளவு. விவரத்தாளில் 1/1.3, 1/1.56, 1/2 என்று பின்னங்களாக இருப்பது அதுதான். கீழே உள்ள எண் சிறியதாக இருந்தால் சென்சார் பெரியது. இங்கேயும் ஒரு மரபுப் புதிர் உண்டு: ‘ஓர் அங்குல’ சென்சார் உண்மையில் 13.2 மில்லிமீட்டர் அகலமும் 8.8 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. குறுக்காக அளந்தாலும் 16 மில்லிமீட்டரைத் தாண்டாது. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் கொண்டு அளந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். ஆனாலும் அரை அங்குல வகையோடு ஒப்பிட்டால் பரப்பளவில் அது நான்கு மடங்குக்குப் பக்கம் வரும். 2022-இல் ஷாவ்மி 12எஸ் அல்ட்ரா சோனியின் ஓர் அங்குல வகை சென்சாரோடு வந்தபோது எடுத்த இரவுப் படங்களை நான் நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மென்பொருள் பூசி மெழுகாத இருட்டு அதில் இருந்தது.

‘நான்கு கேமராக்கள்’ என்று கேட்டால் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். முதன்மை, அகலக் கோணம், தொலைநோக்கு என்று மூன்று வேலைகள் உண்மையில் இருக்கின்றன. விலை குறைந்த போன்களில் மீதி இடத்தை 2 மெகாபிக்சல் மேக்ரோ, 2 மெகாபிக்சல் ஆழம் என்று நிரப்புவார்கள். அவற்றைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு ஒப்பிடுங்கள். ஜூம் விஷயத்தில் ‘ஆப்டிகல்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 5 மடங்கு ஆப்டிகல் என்றால் லென்ஸே அவ்வளவு தொலைவை இழுக்கிறது. 10 மடங்கு, 30 மடங்கு, 100 மடங்கு என்று அதற்கு மேல் சொல்வதெல்லாம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கி, விடுபட்ட நுணுக்கத்தைக் கணினியைக் கொண்டு ஊகித்து நிரப்புவது.

மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது எதைத் தேட வேண்டும்? நிறுவனம் வெளியிடும் படங்களை ஒதுக்குங்கள். விமர்சகர்கள் எடுத்தவற்றில், அறை வெளிச்சத்தில் அசையும் ஆட்களின் படத்தைத் தேடுங்கள். ஓடும் குழந்தையின் கண்ணிமை தெளிவாக இருந்தால் அது நல்ல கேமரா. மலையும் வானமும் எந்தப் போனிலும் அழகாகத்தான் வரும். பிறகு கருமை நிறத் தோலை எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். வெளுப்பாக்கிக் காட்டும் மென்பொருளை நான் மன்னிப்பதே இல்லை. நம் முகத்தை நம் முகமாகக் காட்டாத கேமரா எத்தனை மெகாபிக்சல் வைத்திருந்தும் பயனில்லை.

பேட்டரி: இப்போது உண்மையான மாற்றம் நடக்கும் இடம்

பல ஆண்டுகளாக 5,000 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) என்ற எண் அசையாமல் நின்றது. இப்போது 6,000, 7,000 என்று கேட்கிறோம், அதுவும் போன் தடிமனாகாமல். காரணம் சிலிக்கான் கார்பன். வழக்கமான லித்தியம் அயான் பேட்டரியின் எதிர்மின்வாயில் கிராஃபைட் இருக்கும். ஒரு கிராம் கிராஃபைட் கொள்கையளவில் 372 எம்ஏஎச் தாங்கும். சிலிக்கான் ஏறத்தாழ 3,600 தாங்கும். பத்து மடங்கு. பிறகு ஏன் இத்தனை நாள் பயன்படுத்தவில்லை என்றால், லித்தியத்தை உள்வாங்கும்போது சிலிக்கான் மூன்று மடங்குவரை வீங்கி, நொறுங்கிவிடும். கார்பன் கட்டமைப்புக்குள் சிலிக்கானைக் கொஞ்சமாகக் கலந்து அந்த வீக்கத்துக்கு இடம்விட்டு வைத்ததுதான் புதுமை. 2023-இல் ஹானர் மேஜிக்5 புரோவின் சீனப் பதிப்பில் இது வந்தது: 5,450 எம்ஏஎச். அதே பெயரில் மற்ற நாடுகளில் விற்ற போனில் இருந்தது 5,100.

ஒரே பெயர், வேறு பேட்டரி. இதைப் பலமுறை பார்ப்பீர்கள். காரணங்களில் ஒன்று சரக்குப் போக்குவரத்து விதி. பேட்டரியின் ஒரே செல்லில் (அதன் தனி அலகில்) 20 வாட் மணிக்கு மேல் இருந்தால் அபாயப் பொருள் போக்குவரத்தில் கடுமையான பிரிவுக்குள் அது போய்விடும். 5,000 எம்ஏஎச்சை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 19.25 வாட் மணி. அந்த எண்ணில் ஏன் இத்தனை போன்கள் நின்றன என்பது இப்போது புரிகிறதா? பெரிய பேட்டரியை இரண்டு செல்லாகப் பிரித்து வைக்கலாம், ஆனால் அதற்குச் செலவும் இடமும் ஆகும். சீன அறிமுகத்தில் கேட்ட எண்ணை உங்கள் நாட்டு அறிமுகம் வரும்வரை உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சார்ஜ் வேகத்திலும் இதே கதைதான். 120 வாட் என்பது சில நிமிடங்களுக்கு மட்டும் எட்டும் உச்சம். லித்தியம் பேட்டரி பாதிக்கு மேல் நிரம்பியதும் மெல்ல மெல்ல மின்னோட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும். கடைசி இருபது சதவீதம் எப்போதும் மெதுவாகத்தான் ஏறும். ‘பத்து நிமிடத்தில் எத்தனை சதவீதம்’, ‘முழுவதும் நிரம்ப எத்தனை நிமிடம்’ என்ற இரண்டு எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அந்த வேகம் அந்த நிறுவனத்தின் சொந்த சார்ஜரில் மட்டும் கிடைப்பதா, பொதுவான யுஎஸ்பி பவர் டெலிவரி சார்ஜரிலும் கிடைப்பதா? பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா? 2020 அக்டோபரில் ஐபோன் 12 சார்ஜர் இல்லாமல் வந்த பிறகு பலரும் அதே வழியில் போய்விட்டார்கள்.

சுழற்சிக் கணக்கையும் கேளுங்கள். நூறு சதவீதத்தைச் செலவழிப்பது ஒரு சுழற்சி. ஐம்பது சதவீதம் வீதம் இரண்டு நாள் செலவழித்தாலும் ஒன்றுதான். ஐபோன் 15 வரிசையின் பேட்டரி 1,000 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் என்று ஆப்பிள் சொல்கிறது. அதற்கு முந்தைய ஐபோன்களுக்குச் சொன்னது 500. நான் மேலே சொன்ன ஐரோப்பிய விதி கேட்பது 800.

அலைவரிசை, துளை, தண்ணீர்

5ஜி என்று எழுதியிருந்தால் போதாது. உங்கள் நெட்வொர்க் நிறுவனம் எந்த அலைவரிசைகளில் ஓடுகிறது என்று அதன் உதவிப் பக்கத்தில் பார்த்து, போனின் விவரத்தாளில் உள்ள என்28, என்41, என்78 போன்ற எண்களோடு ஒப்பிடுங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அளவில் உள்ள என்28 சுவர்களைத் தாண்டி வீட்டுக்குள் வரும், 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள என்78 வேகம் தரும், தொலைவு குறையும். வேறொரு நாட்டுக்கான பதிப்பை வாங்கிய என் நண்பருக்குத் தெருவில் நன்றாகக் கிடைத்த சிக்னல் படுக்கையறையில் காணாமல் போயிற்று. அந்தப் பதிப்பில் தாழ்ந்த அலைவரிசை ஒன்று இல்லை. போனின் பெயரில் எந்த வேறுபாடும் இருக்கவில்லை. மாடல் எண்ணின் கடைசி எழுத்தில்தான் இருந்தது. இதனால்தான் நான் பெயரைவிட மாடல் எண்ணைக் குறித்துவைக்கிறேன்.

டைப்-சி துளையின் வடிவம் வேகத்தைச் சொல்லாது. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 வரிசை முழுவதும் டைப்-சிக்கு மாறியது. சாதாரண மாடலில் உள்ளே இருப்பது நொடிக்கு 480 மெகாபிட் வேகம் உள்ள யுஎஸ்பி 2. புரோ மாடலில் 10 கிகாபிட் வரை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே.

ஐபி68 என்பதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்பதை நிறுவனமே அறிவிக்கும், சோதிப்பது நன்னீரில். கடல்நீரும் நீச்சல் குளத்துக் குளோரினும் அந்தச் சோதனையில் இல்லை. தண்ணீர்ச் சேதத்தைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதும் இல்லை.

துறைச் செய்திகள் எதற்கு?

போன் வாங்குபவருக்குச் சந்தைப் பங்கும் ஆலைச் செய்தியும் எதற்கு என்று கேட்பார்கள். நேரடித் தொடர்பு இருக்கிறது. 2021 ஏப்ரலில் எல்ஜி ஸ்மார்ட்போன் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. தன் உயர்நிலை மாடல்களுக்கு மூன்று ஆண்ட்ராய்டு அப்டேட்டுகள்வரை தருவதாகச் சொன்னது. 2025 ஜூன் இறுதியில் அப்டேட் சேவையையே மூடியது. ஒரு நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது என்ற செய்தி அதன் போனை வாங்குபவருக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது. 2019 மே மாதம் அமெரிக்கா ஹுவாவேயைத் தடைப் பட்டியலில் சேர்த்தபோது, அதன் புதிய போன்களிலிருந்து கூகுள் சேவைகள் காணாமல் போயின. மிகச் சிறந்த கேமரா இருந்தும் உலகின் பெரும்பகுதியில் அந்தப் போன்களைப் பரிந்துரைக்க முடியாமல் போயிற்று.

சந்தை எண்களைப் படிக்கும்போது ‘ஷிப்மெண்ட்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தொழிற்சாலையிலிருந்து விற்பனையாளர்களுக்கு அனுப்பியவற்றின் எண்ணிக்கை அது. கடையின் கிடங்கில் தூங்கும் பெட்டிகளும் அதில் சேரும். சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசியின் கணக்கில் 2023 முழுமைக்கும் ஆப்பிள் முதலிடம் பிடித்தது. 2010-இல் நோக்கியா முதலிடத்தில் இருந்ததற்குப் பிறகு சாம்சங் அல்லாத ஒரு நிறுவனம் அங்கே அமர்ந்தது அப்போதுதான். ஆர்வமூட்டும் செய்தி. ஆனால் எந்தப் போன் உங்களுக்கு ஏற்றது என்பதற்கு அதில் விடை கிடையாது. அதைவிட மெமரிச் சிப்களின் விலைச் செய்தி உங்களுக்குப் பயன்படும். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் பிற்பகுதியில் அதன் விலை வேகமாக ஏறியது. அந்தச் சிப்புகளைத்தான் போன் தயாரிப்பாளர்களும் வாங்க வேண்டும்.

பெட்டியைத் திறந்த பிறகு

அழைக்க எண் அழுத்தும் திரையில் *#06# என்று அழுத்துங்கள். வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) பெட்டியில் அச்சிட்டிருப்பதோடு பொருந்த வேண்டும். அதன் முதல் 8 இலக்கங்கள் அந்த மாடலைக் குறிப்பவை. பிறகு அமைப்புகளில் மாடல் எண்ணையும் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியையும் பாருங்கள். ஐபோன் 15 முதல் வந்த ஐபோன்களிலும் சில புதிய ஆண்ட்ராய்டு போன்களிலும் பேட்டரி எந்த மாதம் தயாரானது, எத்தனை சுழற்சி ஓடியிருக்கிறது என்பதையும் அங்கேயே காணலாம். புதியது என்று வாங்கிய போனில் சுழற்சி நாற்பது என்று இருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அறிமுக நாளில் ஒரு போனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, சொன்ன எண்ணை இடப்பக்கமும் கண்டுபிடித்த நிபந்தனையை வலப்பக்கமும் எழுதுங்கள். அப்டேட் முடியும் தேதியைப் பக்கத்தின் தலையில் பெரிதாக எழுதுங்கள். வாக்களித்த பாதுகாப்புத் திருத்தம் உரிய மாதத்தில் வந்ததா, பேட்டரி எத்தனை சதவீதம் குறைந்தது, எந்தக் குறைபாடு பொதுவாகப் பேசப்படுகிறது என்பதை ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தின் கீழே சேருங்கள். என்னுடைய நோட்டில் வலப்பக்கம் காலியாக இருக்கும் பக்கங்கள் பல உண்டு. அந்த நிபந்தனைகளை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவற்றைக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் போன்களை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.